ஓடாத சாலை, நிற்காத கடிகாரம்

லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து லாஸ் வேகஸுக்குப் போகும் வழியில், மோஹாவி பாலைவனத்துக்கு நடுவே பேக்கர் என்றொரு சிற்றூர் இருக்கிறது. பெட்ரோல் போடவும் ஐஸ் தண்ணீர் வாங்கவும் வண்டிகள் ஒதுங்குகிற இடம். ஊருக்கென்று உள்ள பெருமை 134 அடி உயரத்தில் நிற்கும் ஒரு வெப்பமானி. பக்கத்து டெத் வேலியில் 1913 ஜூலை 10 அன்று 134 டிகிரி பாரன்ஹீட் பதிவானதன் நினைவாக, டிகிரிக்கு ஓர் அடி என்று கணக்குப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். வெயிலையே விளம்பரமாக்கிக்கொண்ட ஊர்.

2024 ஜூலை 26, வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிவாக்கில், பெரிய லித்தியம்-அயனி பேட்டரிகளை ஏற்றி வந்த லாரி ஒன்று இந்த ஊருக்கு அருகே ஐ-15 நெடுஞ்சாலையில் கவிழ்ந்து தீப்பிடித்தது. கன்டெய்னரின் எடை 75,000 பவுண்டுக்கு மேல். நம் கணக்கில் 34 டன். கனரக இயந்திரங்களைக் கொண்டுவந்து நகர்த்திப் பார்த்தார்கள், அசைந்து கொடுக்கவில்லை. லித்தியம் பேட்டரித் தீ மற்ற தீயைப் போலத் தண்ணீருக்கு அடங்காது. ஒரு செல் கொதித்தால் அந்தச் சூட்டில் அடுத்த செல் கொதிக்கும். தண்ணீர் அதைக் குளிரவைக்கத்தான் உதவும். அணைந்துவிட்டது என்று திரும்பி நடந்தால் பின்னாலிருந்து மறுபடி பற்றும். புகையில் ஹைட்ரஜன் சயனைடும் குளோரினும் கலந்திருக்கிறதா என்று காற்றை அளந்துகொண்டே காத்திருந்தார்கள். லாஸ் வேகஸ் பக்கம் போகும் பாதை 40 மணி நேரத்துக்கும் மேல் மூடிக் கிடந்தது. திறந்தது ஞாயிற்றுக்கிழமைதான்.

இந்த மாதிரி நாட்களில் செய்தியாளர்கள் தேடிப் போவது கார்களைத்தான். பின்னிருக்கையில் குழந்தை, ஏசிக்காக ஓடவிட்ட எஞ்சின், சிவப்பைத் தொட்ட பெட்ரோல் முள், தீர்ந்துபோன தண்ணீர் பாட்டில். எல்லாம் உண்மையான துன்பம்தான். படத்தின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் லாரிகள் மட்டும் இயற்கைக் காட்சியின் ஒரு பகுதிபோலத் தெரியும். கார்க்காரருக்கு அன்று ஒரு விடுமுறை கெட்டது. லாரிக்காரருக்கு அதுதான் வேலைநாள். அந்த வேலைநாளில் எது வேலை, எது ஓய்வு, எதற்குக் கூலி என்று கேட்டால் சட்டப் புத்தகங்களே தடுமாறுகின்றன.

அமெரிக்க லாரிகளில் இ.எல்.டி. என்ற மின்னணுப் பதிவுக் கருவி இருக்கும். 2017 டிசம்பரில் கட்டாயமானது. எஞ்சினோடு இணைந்த இந்தப் பெட்டிக்குத் தெரிந்தவை நான்கே நிலைகள்: பணியில் இல்லை, படுக்கையில் இருக்கிறார், ஓட்டுகிறார், பணியில் இருக்கிறார் ஆனால் ஓட்டவில்லை. வண்டி மணிக்கு 5 மைல், அதாவது 8 கிலோமீட்டர் வேகத்தை எட்டினால் தானாகவே ‘ஓட்டுகிறார்’ என்று எழுதிக்கொள்ளும். ஐந்து நிமிடம் நின்றால், ‘இன்னும் ஓட்டுகிறீர்களா?’ என்று கேட்கும். ஒரு நிமிடத்துக்குள் பதில் இல்லையென்றால் ‘பணியில் இருக்கிறார், ஓட்டவில்லை’ என்று அதுவே மாற்றிவிடும்.

அங்கே விதி இது: வேலை தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம்வரை ஓட்டலாம். பிறகு தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வு. அதிகாலை நான்கு மணிக்கு லாஸ் ஏஞ்சலீஸில் லோடு ஏற்றிக் கிளம்பிய ஒருவர் ஏழு மணிக்கு பேக்கர் வரிசையின் வாலில் வந்து மாட்டினார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மணி நேரம்தான் ஓட்டியிருக்கிறார். மீதி எட்டு மணி நேரம் கையில் இருக்கிறது. ஆனால் மாலை ஆறு மணிக்கு அந்தப் பதினான்கும் முடிந்துவிடும். அசையாமல் நின்ற பதினொரு மணி நேரத்தையும் கடிகாரம் தின்றிருக்கும். மாலை ஏழு மணிக்கு வரிசை நகர்ந்தால், எதிர்பாராத சாலை நிலைமைக்கென்று விதி தரும் இரண்டு மணி நேரச் சலுகைதான் அவருக்குத் துணை. அந்தச் சலுகையும் 2020 செப்டம்பர் 29-க்கு முன் இவருக்கு உதவியிருக்காது. ஓட்டும் 11 மணி நேரம்தான் நீண்டது, 14 மணி நேர வரம்பு நீளவில்லை. இன்றும் அதில் ஒரு கொக்கி இருக்கிறது. கிளம்பும்போதே சாலை மூடியிருப்பது தெரிந்திருந்தால் சலுகை கிடையாது. ‘தெரிந்தேதான் போனாய்’ என்பது சட்டத்தின் வாதம்.

சரி, மாட்டிக்கொண்ட நேரத்தில் இருக்கைக்குப் பின்னாலுள்ள படுக்கையில் பத்து மணி நேரம் படுத்துவிட்டால் கணக்கு புதிதாகிவிடாதா? ஆகும். ஆனால் முன்னாலுள்ள வண்டி எப்போது நகரும் என்று யாருக்குத் தெரியும்? ஒன்பதாவது மணி நேரத்தில் போலீஸ்காரர் கதவைத் தட்டி, அரை கிலோமீட்டர் முன்னால் எடு என்கிறார். வண்டி 8 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் பெட்டி அதைக் குறித்துக்கொள்கிறது. தூக்கம் உடைந்தது மட்டுமில்லை, சட்டப்படியான ஓய்வும் உடைந்தது. ஆமை வேகத்துக்கும் கீழே ஊர்ந்தால் தப்பிக்கலாம். அவ்வளவு கனமான வண்டியை அப்படி ஊரவைப்பது தனிக் கலை.

ஒரு ரசாயன விபத்து ஏன் இவ்வளவு நேரம் சாலையைப் பிடித்துவைக்கிறது? வரிசையில் நிற்பவர் கொள்ளும் முதல் சந்தேகம், முன்னால் அதிகாரிகள் சும்மா நிற்கிறார்கள் என்பது. 2023 பிப்ரவரி 14 அன்று அரிசோனாவின் டூசான் நகருக்கு வெளியே ஐ-10 நெடுஞ்சாலையில் நடந்ததைப் பார்த்தால் அந்தக் கோபம் கொஞ்சம் தணியும். சுமார் 3.6 டன் நைட்ரிக் அமிலம் ஏற்றி வந்த லாரி பிற்பகலில் விபத்துக்குள்ளாகி அதன் டிரைவர் இறந்துபோனார். செம்பழுப்பு நிறத்தில் புகை மேலெழுந்தது. அமிலம் சிதைந்து வரும் நைட்ரஜன் டை ஆக்சைடின் நிறம் அது. ஒரு மைல் சுற்றளவில் இருந்தவர்களை வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள். மறுநாள் காலை லோடை அப்புறப்படுத்தும் வேலை தொடங்கியபோது புகை மீண்டும் கிளம்பியது. கடைசியில் மண்ணைக் கொண்டுவந்து கொட்டி மூடி அடக்கினார்கள். இத்தனை கருவிகள் இருந்தும் காப்பாற்றியது ஒரு மண் குவியல். 15-ஆம் தேதி மாலைதான் சாலை திறந்தது.

அமிலமாக இருந்தால், அது தொட்டது மரமா இரும்பா என்று பார்க்க வேண்டும். பேட்டரியாக இருந்தால், உள்ளே எத்தனை செல் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. பேக்கர் விபத்து நடந்து ஒரு மாதம்கூட ஆகாத ஆகஸ்ட் 19 அன்று, அதே கலிபோர்னியாவில் ஐ-80 சாலையில் மின்சார லாரி ஒன்று மரத்தில் மோதி எரிந்தது. 50,000 கேலன், ஏறக்குறைய 1.9 லட்சம் லிட்டர் தண்ணீரை ஊற்றினார்கள். சாலை சுமார் 15 மணி நேரம் மூடியிருந்தது. ஆகவே தாமதம் சோம்பல் இல்லை. வேதியியல் தன் நேரத்தை எடுத்துக்கொள்கிறது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. முன்னால் நிற்பவர்களுக்குத் தெரிந்தது பின்னால் நிற்பவர்களுக்குப் போய்ச் சேர்வதில்லை.

அந்தத் தகவலில் உயிரே அடங்கியிருக்கலாம். வண்டிக்குள்ளேயே இருப்பதா, இறங்கி ஓடுவதா என்ற கேள்விக்குப் பொதுவான விடை இல்லை. 1976 மே 11 அன்று ஹூஸ்டன் நகரில், நெடுஞ்சாலைகள் மேலும் கீழுமாகச் சந்திக்கும் இடத்தில், ஏறத்தாழ 19 டன் அமோனியா ஏற்றிய டேங்கர் மேல்பாலத்திலிருந்து கீழே போகும் சாலையில் விழுந்தது. 6 பேர் இறந்தார்கள். ஐந்து பேரைக் கொன்றது விஷக்காற்று. கட்டடங்களுக்குள் கதவை அடைத்துக்கொண்டு இருந்தவர்களுக்குப் பெரிய பாதிப்பில்லை. வெளியே அகப்பட்டவர்கள்தான் மூச்சுக்குத் திண்டாடினார்கள். அங்கே பாடம்: உள்ளே இரு, கண்ணாடியை ஏற்று.

2024 டிசம்பர் 20 அன்று விடிவதற்கு முன் ஜெய்ப்பூர்–அஜ்மீர் நெடுஞ்சாலையில், பாங்குரோட்டா என்ற இடத்தில், திரும்பிக்கொண்டிருந்த எல்பிஜி டேங்கர்மீது ஒரு லாரி மோதியது. வால்வு உடைந்து வாயு வெளியே பரவியது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. புகைபோல மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, பள்ளம் பார்த்துத் தேங்கும். சூடான எஞ்சின், ஒரு சுவிட்ச், எது வேண்டுமானாலும் அதற்குப் பொறியாகிவிடும். சற்று நேரத்தில் சாலையே பற்றியது. முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள் எரிந்தன. ஏறத்தாழ 20 பேர் இறந்தார்கள். பின்னால் வந்து நின்ற லாரிகளின் டிரைவர்களும் பேருந்துப் பயணிகளும் அவர்களில் உண்டு. இங்கே பாடம் நேர் எதிர்: எஞ்சினை அணை, இறங்கு, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே மேட்டைப் பார்த்து ஓடு.

இரண்டில் எது என்று சொல்ல வேண்டிய தகவல் கவிழ்ந்த வண்டியின் பின்புறத் தகட்டில் இருக்கிறது. இந்தியாவில் ஓடும் எல்பிஜி டேங்கரில் 1075 என்ற ஐ.நா. எண்ணும், அதன் அருகே 2WE போன்ற ஒரு குறியீடும் எழுதியிருக்கும். ஹாஸ்கெம் எனப்படும் இந்தக் குறியீட்டு முறையை 1970களின் தொடக்கத்தில் லண்டன் தீயணைப்புப் படையினர் வகுத்தார்கள். முதல் எண், எதைக் கொண்டு அணைப்பது என்று சொல்லும். இரண்டு என்றால் பனிபோலத் தூவும் தண்ணீர். நடு எழுத்து, வீரர் என்ன உடை போட வேண்டும், சிந்தியதைத் தண்ணீர் விட்டுக் கழுவலாமா, தேக்கிப் பிடிக்க வேண்டுமா என்பதைச் சொல்லும். கடைசியில் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால், சுற்றியுள்ள மக்களை வெளியேற்றுவது பற்றி யோசி என்று பொருள். மூன்றே எழுத்தில் இவ்வளவு அடக்கியது கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அந்த ‘ஈ’ நினைத்துப் பார்த்தது வீடுகளையும் பள்ளிக்கூடங்களையும். இரண்டு கிலோமீட்டர் பின்னால், இருபுறமும் தடுப்புக் கம்பிகளுக்கு நடுவே, முன்னும் பின்னும் வண்டிகள் நெருக்க நிற்பவர் எந்த ஊர்க்காரர் என்று அது கேட்கவில்லை. வெளியேறு என்றால் அவர் நடந்துதான் போக வேண்டும், அடுத்தவனுடைய சரக்கை நடுரோட்டில் விட்டுவிட்டு.

பிரிட்டனில் இந்த வரிசைக்கென்று தனியாக ஒரு நடைமுறை உண்டு. விபத்துக்கும் அதற்கு முந்தைய சந்திப்புக்கும் இடையில் சிக்கிய வண்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, வந்த வழியே பின்னோக்கி வெளியே விடுவார்கள். கார் திரும்பிவிடும். 16.5 மீட்டர் நீளமும் 44 டன் எடையும் உள்ள டிரெய்லரை மூன்று வழித்தட அகலத்துக்குள் திருப்புவது லேசுப்பட்ட காரியமில்லை.  

ஐரோப்பிய டிரைவரின் முன்னால் இருக்கும் பெட்டிக்கு டாக்கோகிராப் என்று பெயர். அதில் எழுத்துக்குப் பதில் சின்னங்கள். ஸ்டியரிங் வளையம் என்றால் ஓட்டுகிறார். குறுக்காகப் போட்ட இரண்டு சுத்தியல் என்றால் வேறு வேலை. கட்டில் என்றால் ஓய்வு. குறுக்குக்கோடு போட்ட சதுரம் என்றால் காத்திருப்பு. அந்தச் சதுரம் இந்தச் சூழ்நிலைக்கே செய்து வைத்ததுபோலத் தெரியும். தெரிவதோடு சரி. காத்திருப்பு என்று பதிய வேண்டுமானால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்கிறது விதி. எப்போது திறக்கும் என்று தீயணைப்புத் தலைவருக்கே தெரியாதபோது டிரைவருக்கு எப்படித் தெரியும்? கட்டில் சின்னத்தையும் அழுத்த முடியாது. ஓய்வு என்றால் அந்த நேரம் முழுக்க அவருடைய சொந்த நேரமாக இருக்க வேண்டும். ஸ்டியரிங்கை விட்டு நகரக்கூடாத நேரம் சொந்த நேரமாகுமா? மிஞ்சுவது சுத்தியல்கள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதரை, வேலை செய்கிறார் என்று பெட்டி எழுதிக்கொண்டே போகிறது.

நேரம் கடந்துவிட்டால், பத்திரமாக நிறுத்தக்கூடிய இடம்வரை ஓட்டிப் போகலாம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 ஒழுங்குமுறையின் 12-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. அதற்கு ஒரு சடங்கு உண்டு. பெட்டியிலிருந்து பஸ் டிக்கெட் சுருள்போல வெளியே வரும் தாளில், தாமதமானதன் காரணத்தைக் கையால் எழுத வேண்டும். போய் நிறுத்திய இடத்திலாவது எழுதிவிட வேண்டும். இத்தனை மின்னணுவுக்குப் பிறகு, ‘ரசாயனம் சிந்தியது, சாலை மூடல்’ என்று பேனாவால் எழுதிய ஒரு வரியில்தான் அவருடைய அபராதம் தங்கியிருக்கிறது.

கூலிக்கு வருவோம். அமெரிக்காவில் நெடுந்தூர லாரி டிரைவர்களில் பலருக்கு மைல் கணக்கில் சம்பளம். சக்கரம் உருண்டால் காசு. நாற்பது மணி நேரம் நின்றால் நாற்பது மணி நேரத்துக்கும் சுழியம். கம்பெனி மனமிரங்கி ஏதாவது கொடுத்தால் உண்டு. 1938-இல் வந்த நியாயமான தொழில் தரநிலைச் சட்டம் கூடுதல் நேர ஊதியத்தைக் கொண்டுவந்தபோதே மாநிலங்களுக்கிடையே ஓட்டும் லாரி டிரைவர்களை அதிலிருந்து விலக்கி வைத்தது. அந்த விலக்கு இன்றும் நீடிக்கிறது. ஐரோப்பாவில் மேற்படி ஒழுங்குமுறையின் 10-ஆம் பிரிவு, சாலைப் பாதுகாப்பைக் கெடுக்கும் விதத்தில் தூரத்தை வைத்துச் சம்பளம் தருவதைத் தடை செய்கிறது. வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். தடுப்பு அகன்ற அந்த நிமிடத்தில் இது வெளிப்படும். மைல் கணக்கில் சம்பளம் வாங்குபவர், தூக்கம் இல்லாத கண்ணோடு, போனதைப் பிடிக்க ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார். அவரைக் குறை சொல்வது சுலபம்.

சோற்றுக்கு என்ன வழி? ரசாயனம் தொடர்பில்லாத ஒரு முடக்கம் இதில் நல்ல உதாரணம். 2020 டிசம்பர் 20 அன்று, கொரோனாவின் புதிய வகை பரவுகிறது என்று பிரான்ஸ் தன் எல்லையை 48 மணி நேரம் மூடியது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் எம்-20 சாலையிலும் பழைய மான்ஸ்டன் விமான நிலையத்திலும் ஆயிரக்கணக்கான லாரிகள் தேங்கின. கிறிஸ்துமஸ் நெருங்கிய நேரம். போலந்து, ருமேனியா, ஸ்பெயின் டிரைவர்கள். கிரேவ்ஸெண்ட் குருத்வாராவின் லங்கர் எனப்படும் பொதுச் சமையல்கூடத்தில் சீக்கியர்கள் சுடச்சுடச் சமைத்து, கால்சா எய்ட் அமைப்பினரோடு வேன்களில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஜன்னல் வழியே கொண்டைக்கடலைக் குழம்பு வாங்கிச் சாப்பிட்ட ஐரோப்பிய டிரைவர்களுக்கு அரசாங்கத்தைவிட முந்திக்கொண்டு வந்தது லங்கர். மெச்ச வேண்டிய காரியம்தான். பெரிய நாடொன்றின் அவசரத் திட்டத்தில் சோறு என்ற தலைப்பு காலியாக இருந்ததையும் அது காட்டிவிட்டது.

2025 ஜனவரி 3 அதிகாலையில் இந்தக் கதை கோயம்புத்தூருக்கு வந்தது. கொச்சியிலிருந்து 18 டன் எல்பிஜியோடு வந்த டேங்கர் அவினாசி சாலை மேம்பாலத்தில் திரும்பும்போது, ‘புல்லட்’ என்று டிரைவர்கள் சொல்லும் உருளை, இழுவை வண்டியிலிருந்து கழன்று சாய்ந்தது. கசிவு. 500 மீட்டர் சுற்றளவில் தீ மூட்டக்கூடாது என்றார்கள். அக்கம்பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள். தீயணைப்பு வண்டிகள் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருக்க, கிரேன்கள் வந்து உருளையைத் தூக்கி நிமிர்த்துவதற்குள் மதியம் ஆகிவிட்டது. ஜெய்ப்பூர் எரிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அந்தப் பயத்தில்தானோ என்னவோ, அன்று யாரும் அவசரப்படவில்லை. உயிர்ச்சேதம் இல்லை.

தென்னிந்தியாவில் ஓடும் எல்பிஜி புல்லட் டேங்கர்களின் தலைநகரம் நாமக்கல். தென்மண்டல டேங்கர் உரிமையாளர் சங்கத்தின் தலைமையகமும் அங்கேதான். 2025 மார்ச் கடைசியில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது எதிர்த்த ஒப்பந்த நிபந்தனைகளில் ஒன்று, மாற்று டிரைவரோ கிளீனரோ வண்டியில் இல்லாவிட்டால் அபராதம் என்பது. அபராதம் யார் தலையில் விழுவது என்பது உரிமையாளருக்கும் எண்ணெய் நிறுவனங்களுக்கும் இடையிலான வழக்கு. ஆனால் நிபந்தனையே ஒன்றை ஒப்புக்கொள்கிறது: இந்த வண்டிகளில் ஒற்றை ஆளாக ஓட்டுவது நடக்கிறது. ஒற்றை ஆள், பதினைந்து மணி நேர முடக்கம், பிறகு இரவில் மலைப்பாதை.

அபாயச் சரக்கு ஓட்டுபவரிடம் நம் விதிகள் நிறையவே கேட்கின்றன. இந்திய மொழி ஒன்றும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். மூன்று நாள் பயிற்சி முடித்து உரிமத்தில் பதிவு வாங்க வேண்டும். சரக்கின் குணத்தையும் முதலுதவியையும் சொல்லும் டிரெம் கார்டு கேபினில் இருக்க வேண்டும். விபத்தென்றால் போலீஸுக்குச் சொல்ல வேண்டும். எல்லாம் கவிழ்ந்த வண்டியின் டிரைவருக்கானது. பின்னால் தக்காளி லோடோடும் கோழித்தீவன மூட்டையோடும் நிற்பவருக்கு அதில் வரி எதுவும் கிடையாது.

அவருக்கு 2025 நவம்பர் வரை 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் இருந்தது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. நெடுந்தூரம் என்றால் கொஞ்சம் கூடியது. அந்தச் சட்டமும் வேலை நேரத்துக்கு வரையறை சொல்லும்போது, வண்டி நின்றுபோன இடைவெளியில் தொழிலாளி தன் விருப்பப்படி நேரத்தைச் செலவிட முடிந்ததா என்று கேட்டது. ஐரோப்பிய விதி கேட்கும் அதே கேள்வி. அங்கே பதிலைக் குறித்துவைக்க ஒரு பெட்டியும், பின்னால் எழுத ஒரு துண்டுத் தாளும் உண்டு. நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ கிளம்பும் லாரியில் இருப்பது செல்போன். சம்பளம் பெரும்பாலும் டிரிப் கணக்கு, மேலே பேட்டா. சாலை அடைத்துவிட்டால் டிரைவர் ஓனருக்குப் போன் போட்டு, முன்னால் டேங்கர் கவுந்து கிடக்குது அண்ணே, எப்ப விடுவாங்கன்னு தெரியல என்பார். டீசல் எவ்வளவு இருக்கு, ஏசியைப் போடாதே என்ற பேச்செல்லாம் முடிந்த பிறகு, கூடுதல் நாளுக்கு பேட்டா உண்டா என்று கொஞ்சம் இழுத்துக் கேட்பார். முதல்ல லோடை இறக்கிட்டு வாப்பா, பேசிக்கலாம் என்று பதில் வரும்.